கருவில் இருக்கும் அமானிதம்



மாதம் ஒரு முறை மலைக்குச் சென்று, கேமரன் பகுதியில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடையே பயான் செய்து வருவது எனக்கு வழக்கம். சென்ற முறை அஸர் தொழுது முடித்துக் கீழே இறங்கப் புறப்பட்ட வேளையில், தானா ராத்தாவில் மளிகைக் கடை நடத்தும் ஒரு சகோதரர் என்னைத் தூணோரமாக அழைத்தார். "ஹஜரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் கேட்கச் சங்கடமாயிருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். அவர் வீட்டில் ஐந்து மாதம். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குரிய புத்தகத்தைப் பார்த்த மிஸ்ஸி, "இருமலும் சளியுமாக ஊரே இருக்கிறது, புளூ தடுப்பூசி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது, டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தப் பெண்மணிக்குப் போட்டுக்கொள்ள விருப்பம். ஊரிலிருந்து இவருடைய உம்மா தொலைபேசியில், "நான் ஏழு பெற்றேனே, எந்த ஊசியைப் போட்டேன்?" என்று கேட்டுவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதில் பன்றிச் சத்து இருக்கிறது என்கிறார். கைப்பேசியில் யாரோ அனுப்பிய குரல் ஒன்று, பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்கிறது. இத்தனைக்கும் நடுவே அவர் நின்றுகொண்டு, "அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துச் சும்மா இருந்துவிட்டால் என்ன ஹஜரத்?" என்று கேட்டார்.

உடனே நான் பதில் சொல்லவில்லை. "நாளை நானே கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கந்தான். இருந்தாலும் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

பல வருஷங்களுக்கு முன் இதே போன்றதொரு கேள்வி, இதே மலையில், வேறொரு சகோதரரிடமிருந்து என்னிடம் வந்தது. மூடுபனி இறங்குவதற்குள் தாப்பா ரோட்டைக் கடந்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஒரு காலைக் காரில் வைத்துக்கொண்டே, "அல்லாஹ் இருக்கிறான், தவக்குல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் வீட்டாருக்கு ஏழாம் மாதத்தில் இன்புளுவென்ஸா ஜுரம் கண்டு, மூச்சு முட்டி, நள்ளிரவில் ஆம்புலன்சில் ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்து, பல நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தச் சகோதரர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஊசி போட்டிருந்தால் அந்த ஜுரம் வந்திராது என்று யாராலும் சொல்ல இயலாது; நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் சொன்னது பதிலல்ல. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், என் அறியாமைக்குத் தவக்குல் என்ற போர்வையைப் போர்த்திவிட்டேன். அந்தப் புனிதமான சொல்லுக்கு நான் செய்த அநியாயம் அது.

தவக்குல் என்பது என்ன? நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் ஒருவர் வந்து, ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று கேட்டபோது, முதலில் கட்டும்படியும் பின்னர் நம்பும்படியும் அவர்கள் பணித்தார்கள் என்பதை நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டிருக்கின்றோம். நோய்க்கு மருந்து தேடும்படி அவர்கள் ஏவியதும் நமக்குத் தெரியும். நம் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிவிட்டுத்தான் கடையைச் சாத்துகின்றோம். ஓதினோமே என்று இரும்புக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வியாபாரி எவரையேனும் நீங்கள் பார்த்ததுண்டா? கல்லாப் பெட்டிக்குப் பூட்டு. கருவிலிருக்கும் பிள்ளைக்கு மட்டும் வெறும் தவக்குலா?

ஹஜரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில், கி.பி. 639ஐ ஒட்டி, ஷாம் தேசத்தில் அம்வாஸ் என்னும் கொள்ளைநோய் பரவியது. அவ்வேளையில் கலீபா அவர்கள் மதீனாவிலிருந்து பரிவாரத்துடன் ஷாமை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஸர்க் என்ற இடத்தில் படைத்தளபதிகள் எதிர்கொண்டு வந்து செய்தி சொன்னார்கள். போவதா, திரும்புவதா? கலீபா தம் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடவில்லை. முஹாஜிரீன்களை அழைத்துக் கேட்டார்கள்; அவர்களிடையே இரண்டு அபிப்பிராயம். அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிகளில் வயது முதிர்ந்தவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலாக, மக்களை நோய்க்குள் கொண்டு போக வேண்டாம் என்றார்கள். கலீபா திரும்புவதென்று அறிவித்தார்கள். உடனே அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டவர் சாதாரண மனிதரல்லர். சமூகத்தின் அமீன் என்று நாயகமவர்களால் பெயர் சூட்டப்பெற்றவர். உமர் (ரலி) அவர்கள் மனம் நொந்து, அந்தச் சொல்லை வேறெவரும் சொல்லியிருக்கலாகாதா என்று வருந்தினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே தாம் செல்வதாகச் சொல்லி, ஒரு பக்கம் புல் செழித்தும் மறு பக்கம் வறண்டும் இருக்கிற பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்று விளக்கினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பின்னர் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் புகவும் வேண்டாம், இருக்கிற ஊரைவிட்டு ஓடவும் வேண்டாம் என்ற கருத்தில் நாயகமவர்கள் சொன்னதைத் தாம் கேட்டதாக அறிவிக்க, கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இச்சம்பவத்தில் என் மனதைத் தொடுவது இன்னொன்று. கலீபா அவர்கள் விதியை நம்பாதவரல்லர், ஆயினும் விசாரித்தார்கள். ஒரு கூட்டத்தாரிடம் அல்ல, மூன்று கூட்டத்தாரிடம். நான் அன்று காரில் ஏறும் அவசரத்தில் விட்டுவிட்டது அந்த விசாரணையைத்தான். ஆகவே இம்முறை விசாரித்தேன். மார்க்கம் அறிந்தவர்களிடமும், வைத்தியம் அறிந்த இரண்டு டாக்டர்களிடமும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. சாதாரண ஜலதோஷம் வேறு, இன்புளுவென்ஸா வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, இஞ்சியும் மிளகும் போட்ட கஷாயத்தில் போய்விடும் என்கின்றோம். திடகாத்திரமான ஆணுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடுகிறது; அது உண்மை. கர்ப்பிணியின் சரீர நிலை வேறு. இரண்டு உயிர்களுக்காக அவளுடைய இருதயம் கூடுதலாக உழைக்கிறது. கரு வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைகிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் அக்காலத்தில் மாறியிருக்கிறது. பலவீனத்தின் மேல் பலவீனமாகத் தாய் சுமக்கிறாள் என்ற கருத்தைத் திருமறை லுக்மான் அத்தியாயத்தில் நமக்கு நினைவூட்டுகிறதல்லவா? அந்தப் பலவீனத்தின் மேல் இந்த ஜுரமும் ஏறிக்கொண்டால், சளிக்காய்ச்சல் நிமோனியாவாக முற்றுவதும், பிள்ளை காலத்துக்கு முன் பிறப்பதும் மற்றவர்களைக் காட்டிலும் எளிதில் நேருகின்றன.

இது இப்போது கண்டுபிடித்த செய்தியன்று. 1918ஆம் வருஷத்துப் பெருங்காய்ச்சலைப் பற்றி நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலாயாவில் அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் அது கடுமையாயிற்று. ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். கேமரன் மலையில் அப்போது தேயிலையே கிடையாது; போ தோட்டம் தொடங்கியது 1929இல்தான். அமெரிக்காவில் அந்தக் காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளைப் பற்றி 1919இல் ஒரு வைத்தியர் கணக்கெடுத்தார். நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல்.

பிறகு 1957. ஏசியாடிக் புளூ என்று அன்றையப் பத்திரிகைகள் எழுதின. சீனாவில் தொடங்கி, ஹாங்காங், சிங்கப்பூர், மலாயா என்று வந்தது. நம் மூத்தோர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய் வந்த கடல் வழியை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வருஷம் மே மாதத்தில் நோய் கண்ட பிரதேசத்திலிருந்து சென்ற ஒரு கப்பலில்தான் அக்காய்ச்சல் இந்தியாவில் போய் இறங்கிற்று. பன்னிரண்டு வாரத்தில் தேசம் முழுவதும் பரவி, 1958 பிப்ரவரிக்குள் 44 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கணக்கில் பதிவாயினர். பதிவான மரணம் 1,098. அதைக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? இன்னொரு தேயிலை மலையில், நீலகிரிக் குன்னூரிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில். அதே 1957இல் அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில், பிள்ளை பெறும் வயதில் அக்காய்ச்சலால் இறந்த பெண்களில் பாதிப்பேர் கர்ப்பிணிகளாயிருந்தார்கள்.

2009ஆம் வருஷத்தை நீங்களே பார்த்தீர்கள். பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வைத்து அழைத்த அந்த இன்புளுவென்ஸா மலேசியாவுக்கும் வந்தது. அமெரிக்காவில் ஜனத்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர்; ஆனால் அந்தக் காய்ச்சலால் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐவர். பேரேடு எழுதத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2012இல், புளூ ஊசி போடும் தேசங்கள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் கொடுக்க வேண்டுமென்று சொல்லிற்று.

ஊசி என்ன செய்கிறது? கோழி முட்டையில் வளர்த்த கிருமியைக் கொன்று, அதன் பகுதிகளைச் சுத்தம் செய்து தருகிறார்கள். கர்ப்பிணிக்குப் போடுவது இந்த வகைதான். செத்த கிருமி ஜுரத்தை உண்டாக்காது. எதிரியின் முகத்தைச் சரீரத்துக்கு அடையாளம் காட்டிவைக்கிறது, அவ்வளவே. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்தச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட இயலாது; எந்த நாட்டிலும் போடுவதில்லை. ஆகவே பிறந்த முதல் ஆறு மாதம் பிள்ளைக்கு இதில் என்ன பாதுகாப்பு என்று கேட்டால், தாய் கருவிலேயே கொடுத்தனுப்புவதும், சுற்றியிருப்பவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பதுந்தான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். முஸ்லிம் நாடு ஒன்றிலிருந்தே தருகிறேன். பங்களாதேஷில் 340 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புளூ ஊசியும் மறு பிரிவுக்கு வேறொரு தடுப்பூசியும் போட்டுப் பார்த்தார்கள். முடிவை 2008இல் வெளியிட்டார்கள். புளூ ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் பரிசோதனையில் ஊர்ஜிதமான புளூ கண்டது 6 பேருக்கு. மறு பிரிவில் 16 பேருக்கு. பின்னர் 2010 முதல் 2016 வரை நான்கு தேசங்களில் பார்த்ததில், ஊசி போட்ட கர்ப்பிணிகள் புளூவுக்காக ஆஸ்பத்திரியில் படுப்பது நூற்றுக்கு 40 அளவு குறைந்திருந்தது. முழுப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிருமி வருஷந்தோறும் உரு மாறுகிறது. ஊசியையும் வருஷந்தோறும் மாற்றுகிறார்கள். சில வருஷம் நன்றாகப் பொருந்தும், சில வருஷம் குறைவாகப் பொருந்தும். போட்ட பிறகும் ஜுரம் வரலாம். வந்தால் பெரும்பாலும் இலேசாக வரும்.

இனி ஹலால், ஹராம் என்ற பேச்சு. பக்கத்துக் கடைச் சகோதரரை நான் பரிகசிக்கவில்லை. ஹராமைப் பற்றி ஒரு முஸ்லிமுக்குப் பயம் இருப்பது ஈமானின் அடையாளம். ஆனால் செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். புளூவுக்கு மூக்கில் தெளிக்கிற மருந்து ஒன்று உண்டு; அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேருகிறது; பிரிட்டனில் முஸ்லிம் பெற்றோர்களிடையே அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அது உயிருள்ள கிருமியைக் கொண்டதாகையால் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதே இல்லை. கர்ப்பிணிக்குப் போடும் ஊசி வகைகளில் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் கிடையாது. மூக்கு மருந்தின் கதை ஊசியின் மேல் ஏறிவிட்டது. டாக்டரிடம் ஊசியின் பெயரைக் கேட்டு, பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கடைக்கு வரும் பிஸ்கட் பெட்டியில் ஹலால் முத்திரையைப் புரட்டிப் பார்க்கிற கண்கள்தானே அவை? பார்ப்பதில் தவறில்லை. பார்க்காமலே பேசுவதில்தான் தவறு.

அப்படியே ஜெலட்டின் இருந்தாலும், ஒரு பொருள் முற்றிலும் வேறாக மாறிவிட்டால் அதன் பழைய சட்டம் நீங்குமா என்பதைப் பற்றி 1995இல் குவைத்தில் கூடிய ஆலிம்களும் வைத்தியர்களும் ஆராய்ந்து, நீங்கும் என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள். இதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின் நுணுக்கங்கள் உண்டு. இந்த ஏட்டில் அவற்றை விரித்தெழுத இடமில்லை. மலேசியாவிலும் கொரோனா ஊசி வந்தபோது, 2020 டிசம்பர் 3ஆம் தேதி தேசிய பத்வா முஸாக்கரா கூடி, அது ஆகுமானது என்றும், அரசாங்கம் குறிப்பிடுவோர் போட்டுக்கொள்வது கடமை என்றும் தீர்ப்பளித்தது. அது கொரோனா ஊசிக்குரிய தீர்ப்பு. அதை எடுத்து இதற்கு ஒட்டிவிட மாட்டேன். புளூ ஊசி கடமை என்று நான் சொல்லவில்லை. ஆலிம்கள் வைத்தியர்களைக் கூட்டிவைத்து விசாரித்த பின்பே பேசினார்கள் என்பதைக் காட்டவே சொன்னேன்.

இன்னொரு வேடிக்கை. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படும்போது மூளைக்காய்ச்சல் ஊசியை நாம் எல்லோரும் போட்டுக்கொள்கின்றோம். போடாவிட்டால் ஹஜ் விசா கிடையாதென்பதால் ஒருவரும் வாதாடுவதில்லை. கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி போடுகிறார்கள். அதற்கும் எந்த உம்மாவும் மாமியும் மறுப்புச் சொல்லக் கேட்டதில்லை. புளூ ஊசியின் பெயர் வந்தவுடன் மட்டும் நாம் எல்லோரும் முஃப்தியாகிவிடுகின்றோம்!

வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. அம்மை குத்தும் பழக்கத்தை மேனாட்டார் யாரிடம் கற்றார்கள்? 1717இல் துருக்கியிலிருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு, அங்குள்ள மூதாட்டிகள் குழந்தைகளுக்கு அம்மைப் பாலை ஊசியால் கீறி வைப்பதைக் கண்டு வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். மறு வருஷம் தம் மகனுக்கே இஸ்தான்புல்லில் செய்வித்தார். ஜென்னர் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன் நடந்தது இது.

பிள்ளை ஊனமாகும் என்ற குரலைப் பற்றியும் பேசிவிடுவோம். பல வருஷங்களாக, பல தேசங்களில், லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் இந்த ஊசியைப் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஊனம் கூடியதாகக் காணப்படவில்லை. ஆரம்ப மாதங்களில் கரு கலைவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று 2017இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று ஐயம் எழுப்பியது உண்மை. அதை மூடி மறைக்கவில்லை. அதே கூட்டத்தார் இன்னும் அதிகம் பேரை வைத்துத் திரும்ப ஆராய்ந்து, அத்தகைய தொடர்பு இல்லையென்று 2019இல் வெளியிட்டார்கள். எந்த மாதத்திலும் போடலாம் என்பதே வைத்தியர்களின் சொல். கை ஒரு நாள், இரு நாள் வலிக்கும். இலேசான ஜுரமோ அசதியோ வரலாம். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். ஆனாலும் போட்ட பின் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறல் கண்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

உம்மா சொன்னதை என்ன செய்வது? ஏழு பெற்ற தாயின் வார்த்தையை அலட்சியம் செய்ய நான் யார்! அவர்கள் பேசுவது பிரியத்தினால். ஆனால் சகோதரர்களே, அந்தத் தலைமுறைத் தாய்மார்களிடம் ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து, எத்தனை பெற்றீர்கள் என்பதோடு, எத்தனை தங்கிற்று என்பதையும் கேட்டுப் பாருங்கள். என்னைப் பெற்ற உம்மாவிடம் நான் கேட்டேன். கபுரில் வைத்த இரண்டின் பெயர்களையும் சொன்னார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் குரல் இறங்கிற்று.

இனி நான் முக்கியமாக நினைக்கும் ஒன்று. இந்த விஷயத்தில் கடைக்காரர் கேட்டார், அவருடைய உம்மா சொன்னார்கள், பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சுமக்கிறவளை யார் கேட்டது? ரமலான் மாதத்துக் கர்ப்பிணியின் சட்டத்தைப் பாருங்கள். தனக்கோ தன் பிள்ளைக்கோ நோன்பினால் தீங்கு வருமென்று அவள் அஞ்சினால் நோன்பை விட்டுவிடலாம். ஷாபிஈ மத்ஹபில், பிள்ளைக்காக மட்டும் அஞ்சிவிட்டால் களாவோடு பித்யாவும் உண்டு. ஹனபியில் களா மட்டும். இந்த வித்தியாசம் இருக்கட்டும். இரண்டு மத்ஹபிலும் கணக்கில் எடுப்பது யாருடைய அச்சத்தை? அவளுடைய அச்சத்தை, அதோடு நம்பிக்கையான வைத்தியரின் சொல்லை. இஸ்லாத்தின் தூண்களில் ஒன்றான நோன்பிலேயே அவள் தன் சரீரத்தை அறிந்து சொல்வதை ஷரீஅத் ஏற்றுக்கொள்கிறது. ஓர் ஊசி விஷயத்தில் கடைத்தெருவின் பேச்சு அவள் பேச்சுக்கு மேலாகிவிடுமா? போட்டுக்கொள்ள விரும்புகிறவளைத் தடுக்க உங்களுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பயப்படுகிறவளாயிருந்தால் கட்டாயப்படுத்தி இழுத்துப் போகாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், அவளே கேட்கும்படி விட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் நாட்டில் பனிக்காலம் என்று ஒன்று இல்லை. புளூ வருஷம் முழுவதும் சுற்றுகிறது. கேமரனில் குளிருக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் பலர் இருப்பது வழக்கம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் தோளோடு தோள் இடிக்கிறது; கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் ஸ்ட்ராபெரிக்குப் பணம் கொடுக்கும்போது இருமலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தோட்டத்து லயங்களில் பங்களாதேஷ், நேபாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் நெருக்கமாய் வாழ்ந்து, சம்பள நாளில் உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களால்தான் உங்கள் கல்லா நிறைகிறது. நாள் முழுவதும் அந்தக் கல்லாவில் நின்றுவிட்டு, இரவு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறவர் யார் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கோ, அறுபது கிலோமீட்டர் வளைவுகளைக் கடந்து தாப்பாவுக்கோ இறங்கத்தான் வேண்டும். மழையில் மண் சரிந்துவிட்டால் அதுவும் சந்தேகம்.

கர்ப்பிணிக்கு ஜுரமும் இருமலும் சேர்ந்து கண்டால், ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் நாளே டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு மாத்திரை உண்டு. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். ஊசிக்கு அரசாங்கக் கிளினிக்கில் முதலில் கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் என்றால் செலவு உண்டு. ஒரு பெட்டி முட்டைக்கு விலை பேசுகிறவர்கள் அதை எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

மறுநாள் அந்தச் சகோதரரைக் கூப்பிட்டு இவற்றையெல்லாம் சொன்னேன். "உங்கள் வீட்டாரிடம் தொலைபேசியைக் கொடுங்கள்" என்று சொல்லி, அந்தப் பெண்மணியிடமும் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் கணவர் கேட்டவற்றைவிடக் கூர்மையாயிருந்தன. இரண்டுக்கு நான் டாக்டரையே கேட்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டார் போட்டுக்கொண்டார்களாம், கை ஒரு நாள் வலித்ததாம். உம்மாவிடம் அவரே சொன்னாராம். உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ போட்டுக்கொண்டாயா? நாலு பேர் இருமுகிற இடத்தில் நிற்கிறவன் நீதானே?" என்று கேட்டார்களாம். "பதில் சொல்ல முடியவில்லை ஹஜரத்" என்றார். வரும் செவ்வாய்க்கிழமை லுஹருக்குப் பிறகு அரை மணி நேரம் கடையைச் சாத்தப் போகிறாராம். பக்கத்துக் கடைக்காரரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

வஸ்ஸலாம்.